விதையை மட்டும் பேசினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய் பற்றிய நாளிதழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்லோடு நின்றுவிடுகின்றன. அது குடியிருக்கும் திசுவைப் பற்றி அவை பேசுவதில்லை என்பது என் குறை. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மண்ணீரலைவிடக் கல்லீரலில் நோய் மிகுதியாகப் பரவியிருப்பதைக் கண்டு, புற்றுச்செல் என்ற விதைக்கு ஏற்ற திசு என்ற மண்ணும் வேண்டும் என்று 1889-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

அந்த மண்ணும் சும்மா இருப்பதில்லை. கட்டியிலிருந்து கசியும் சமிக்ஞைப் புரதங்கள், காயத்தை ஆற்ற வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தம் பக்கம் இழுக்க, அவை கொலாஜன் இழைகளைக் குவித்துத் திசுவை இறுக்குகின்றன. கட்டி கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவதற்கு இந்த இறுக்கம் ஒரு முக்கியக் காரணம். கிருமிகளை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ்களோ, திசுவின் வேலியை அரிக்கும் நொதிகளைச் சுரந்து, புற்றுச்செல்கள் ரத்தக்குழாய்க்குள் நுழைய வழிவிடுகின்றன. வேலியே பயிரை மேயும் கதைதான்.

எலும்பில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அங்கு குடியேறும் மார்பகப் புற்றுச்செல்கள் எலும்பைத் தாமே கரைப்பதில்லை. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிட, கரையும் எலும்பிலிருந்து வெளியேறும் வளர்ச்சிக் காரணிகள் மீண்டும் புற்றுக்கே உரமாகின்றன. இந்தச் சுழற்சியைத் தடுக்கத் தரப்படும் டெனோசுமாப் மருந்து, புற்றுச்செல்லை அன்று, ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளையே குறிவைக்கிறது. இத்தகைய செய்திகளுக்கும் தங்கள் அறிவியல் பக்கத்தில் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்