பன்றித் தீவன ஆலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீவன ஆலை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

வெண்பன்றி வளர்க்கிறவனாக இதை எழுதுகிறேன். எங்களுக்கு வரும் மூட்டைகளில் புரதம் இத்தனை சதவீதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தத் தீவனத்திலிருந்து பன்றிக்குக் கடைசியில் எவ்வளவு எரிசக்தி மிஞ்சும் என்பதைத்தான் காணோம்.

தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டாது. சாணத்தில் ஒரு பங்கு, மூத்திரத்திலும் வாயுவிலும் ஒரு பங்கு போய்விடும். மீதி வளர்சிதை எரிசக்தி. நம் ஊர்க் கணக்கு பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது. செரித்து உடம்போடு சேர்க்கும் வேலையிலேயே இன்னொரு பங்கு வெப்பமாகப் போகிறதே, அதையும் கழித்தால்தான் நிகர எரிசக்தி. பன்றி உயிர் தாங்குவதும் சதை போடுவதும் குட்டிக்குப் பால் சுரப்பதும் அதை வைத்துத்தான்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சிலின் 2012 அட்டவணையைப் பாருங்கள். ஒரு கிலோ மக்காச்சோளத்தில் வளர்சிதை எரிசக்தி சுமார் 3,400 கிலோகலோரி, தோல் நீக்கிய சோயா புண்ணாக்கில் 3,300. ஏறக்குறைய சமம். நிகர எரிசக்தியிலோ மக்காச்சோளம் 2,670, சோயா 2,090! சோயாவில் புரதம் அதிகம், தேவைக்கு மிஞ்சிய புரதத்தைப் பன்றியால் சேர்த்து வைக்க முடியாது. ஈரல் அதை யூரியாவாக்கி வெளியே தள்ள வேண்டும், அதற்கும் எரிசக்தி செலவு.

சித்திரை மாத மதியத்தில் ஒரு பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். பன்றிக்கு வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள வழியில்லை. நனைந்த சிமெண்ட் தரையில் வயிறு ஒட்டப் படுத்து, வாய் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். காலையில் போட்ட தீவனம் தொட்டியில் பாதி அப்படியே கிடக்கும். அந்த வெயிலில் அதிகப் புரதம் கொடுப்பது வயிற்றுக்குள் அடுப்பு மூட்டுவதுதான். தவிட்டை அள்ளிப் போட்டாலும் இதே கதி, நார்ச்சத்து பெருங்குடலில் நொதித்துத்தான் பலன் தரும், அதிலும் வெப்ப இழப்பு அதிகம்.

சோயாவைக் கொஞ்சம் குறைத்து, புரதத்தின் கட்டுமானக் கற்களான லைசின், திரியோனின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து ஈடுகட்டினால் வளர்ச்சி குறையாது. கொஞ்சம் எண்ணெயும் சேர்க்கலாம், கொழுப்பு வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. பிரான்சிலும் நெதர்லாந்திலும் நிகர எரிசக்தியை வைத்துத் தீவனம் கலக்கிறார்கள்.

புரதம் கூடினால் நல்ல தீவனம் என்று கேட்டு வாங்குவது நீங்கள்தானே என்பீர்கள். சரி, வேறு எண் கண்ணில் படாதபோது இருக்கிற எண்ணைத்தானே பார்ப்போம்? மூட்டையில் நிகர எரிசக்தியையும் செரிமானமாகும் லைசின் அளவையும் அச்சிடுங்கள். அப்புறம், கோடைக்கென்று தனிக் கலவை ஒன்று பங்குனிக்கு முன்பே கடைக்கு வரட்டும்.