இறப்பர் கன்று கொடுக்குமுன் நம்ம பக்கத்துக் கணக்கைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மேட்டு நிலங்களில் இறப்பர் வைக்கலாமா என்று பேச்செடுத்தாலே எல்லாரும் கேட்பது, எந்த இனம் கூடப் பால் தரும் என்பதைத்தான். களுத்துறைப் பக்கம் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கரடியனாற்றுக்கு வந்தவள் நான். மரம் எத்தனை வருடத்தில் கத்தி வைக்கும் பருமனுக்கு வரும் என்பதையே இங்கே முதலில் கேட்கவேண்டும்.

நாலடி உயரத்தில் தண்டின் சுற்றளவு 50 சென்ரிமீற்றர், அதாவது 20 அங்குலம் வந்தால்தான் பால் வெட்டலாம். இறப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் களுத்துறை மாவட்டத்து அகலவத்தைப் பக்கம் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நமக்கு 1,700 அளவில்தான், அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு கச்சான் காற்று மண்ணை உலர்த்தும் மாதங்களில் கன்று பருக்காமல் அப்படியே நிற்கும். அங்கே ஆறு வருடத்தில் வெட்டுக்கு வரும் இனம் இங்கே பிந்தினால், பிந்துகிற ஒவ்வொரு வருடமும் வருமானமில்லாமல் புல் வெட்டிப் பசளை போட்ட வருடம்.

வெட்டத் தொடங்கிய பிறகும் மரம் பருக்கவேண்டும். பாலுக்கும் தண்டுக்கும் ஒரே சாப்பாடுதான். அதிகம் கறக்கும் சில இனங்கள் கத்தி பட்டதும் பருப்பது குறைந்துவிடும். மெலிந்த தண்டு பெருங்காற்றுக்கு முறியும். 1978 சூறாவளியைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாலைக் கணக்கெடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். சிரட்டை நிறைந்தால் விளைச்சல் என்று அர்த்தமில்லை. பாலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் இறப்பர், மிச்சம் தண்ணீர், இனத்துக்கு இனம் அதுவும் மாறும். ஒரே வயது மரங்களை ஒரே முறையில், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி, உறையவைத்துக் காயவைத்து நிறுத்துப் பார்த்தால்தான் இரண்டு இனத்தை ஒப்பிட முடியும். என் அப்பா பழைய பி.பி. 86 இன மரங்களையும் புதிய ஆர்.ஆர்.ஐ.சி. 100 இன மரங்களையும் அப்படித்தான் மதிப்பார், வாளியின் அளவை நம்பமாட்டார்.

நல்ல விளைச்சல் தருமென்று நட்ட ஆர்.ஆர்.ஐ.சி. 103, 1980களின் நடுவில் இலையுதிர் நோயில் அடிபட்டது. தளிர்த்த இலை திரும்பத் திரும்பக் கொட்டி, கடைசியில் மரங்களைப் பிடுங்கவேண்டி வந்தது. ஒரே இனத்தை ஊர் முழுக்க நட்டால் நோய் வரும்போது ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் வளவில் நிற்கும் கன்றுகளின் கதையையும் சொல்கிறேன். ஒரு வரிசை பெயர் தெரிந்து வாங்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 121. அடியில் ஒட்டிய இடம் புடைத்து, அதற்குமேல் தண்டு குழாய் மாதிரி ஒரே பருமனாகப் போகிறது. பக்கத்து வரிசையை விற்றவர் அதையும் ஒட்டுக்கன்று என்றார், இனத்தின் பெயர் மட்டும் சொல்லவில்லை. அதில் பல, அடி பெருத்து மேலே கூம்பிப் போகின்றன, ஒட்டின தழும்பே இல்லை. அவை விதைக்கன்றுகள். ஒன்று கைபோலப் பருத்திருக்க, பக்கத்தது விரல்போல நிற்கிறது. எது எவ்வளவு பால் விடுமென்று வெட்டும்வரை யாராலும் சொல்ல முடியாது. ஏமாந்ததை விவசாயி கண்டுபிடிக்கும்போது நாலைந்து வருடம் போயிருக்கும்.

அதனால் அதிகாரிகளிடம் கேட்கிறேன். கன்றுக்கட்டு ஒவ்வொன்றிலும் இனத்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கட்டுங்கள். அம்பாறை மாவட்டத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்களின் சுற்றளவையும், காய்ந்த இறப்பரின் நிறையையும் மாதவாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். மாரியில் எத்தனை நாள் வெட்ட முடியாமற் போனது என்பதும் அதில் இருக்கட்டும். ஒருவருக்கே இரண்டு மூன்று இனம் கலந்து கொடுங்கள். அகலவத்தைக் கணக்கை மட்டும் காட்டி எங்களைக் குழி வெட்டச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கரடியனாறு, மட்டக்களப்பு.