எஸ்லோன் பைப்பும் என் பேரனும்

ஹட்டன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள முருகேசு,

நலம். நீயும் மங்களமும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்று கோபமாக இருப்பாய். திட்டுவதை இதைப் படித்த பிறகு வைத்துக்கொள். இங்கே மழை பிடித்துவிட்டது. சரோஜாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான், மிச்சமெல்லாம் பேரன் செய்தி.

பெரியவள் மகன் சுதன் இப்போது ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறான், விஞ்ஞானம். நம்முடைய அமிலம் மாஸ்டரின் ஹொஃப்மன் வோல்டாமீட்டர், தண்ணீரைக் கரண்டால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிற அந்தச் சாமான், ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்தது யார் என்று இன்றுவரை நான் வாயைத் திறக்கவில்லை, பயப்படாதே. அந்தக் கண்ணாடிச் சாமானை இவன் எஸ்லோன் பைப்பிலேயே, அதுதான் பி.வி.சி. பைப், செய்துவிட்டான்!

மூன்று பைப்பை நிமிர்த்தி, அடியில் எல்போவும் டீயும் போட்டு இணைத்திருக்கிறான். ஓரத்து இரண்டுக்கும் மேலே மூடி, மூடியில் சின்ன வால்வு, உள்ளே ஆளுக்கொரு எவர்சில்வர் தகடு. நடுப் பைப்புக்கு மூடி கிடையாது. வாயு சேரச் சேரக் கீழே தள்ளப்படுகிற தண்ணீர் அதில் ஏறிக்கொள்ளும். தகடு வாங்கப் பழைய இரும்புக் கடைக்குக் காந்தத்தோடு போனான். ஒட்டுகிற தகடு சீக்கிரம் துருப்பிடித்துத் தண்ணீரைச் சேறாக்கிவிடுமாம். தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக் சோடா. "உப்புப் போட்டா மலிவுதானே" என்று மருமகன் யோசனை சொன்னார். "குளோரின் வரும் அப்பா, மூச்சுத் திணறிடும்" என்று பையன் ஒரே போடாகப் போட்டான். காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் போட வேண்டும், காஸ்டிக் மேலே தண்ணீரை ஊற்றக்கூடாது என்று நான் ஆரம்பித்தேன். என்னைப் பார்த்தான் ஒரு பார்வை. கையுறையும் கண்ணாடியும் ஏற்கெனவே மாட்டியிருந்தான்.

மட்டம் தெரிவதற்குப் பைப்புகளின் பக்கத்தில் வெள்ளை ஹோஸ் வைத்திருக்கிறான். பெட்டரியைக் கொடுத்துவிட்டு நானும் அவனும் இஸ்தோப்பில் (திண்ணையில்) குந்தியிருந்தோம். ஒரு ஹோஸில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கும்போது மற்றதில் சரியாக இரண்டு விரற்கடை. அமிலம் மாஸ்டர் கரும்பலகையில் எழுதி எழுதி நம் மண்டையில் ஏறாத அந்த ஒட்சிசன் ஒன்றுக்கு ஐதரசன் இரண்டு, இந்த வயதில் கண்ணெதிரே இறங்குகிறது. சரோஜா சாப்பிடக் கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை. லக்ஷபானை மின் நிலையத்தில் 1950இலிருந்து நம் மலைத் தண்ணீரைக் கரண்டாக்கிக் கீழே அனுப்புகிறார்கள். இவன் அந்தக் கரண்டைக் கொண்டே தண்ணீரைப் பிரிக்கிறான்.

இதோடு நின்றிருந்தால் உனக்கு ஒரு தபாலட்டை போதும். இவன் அடுத்ததாக ஒரே நாலங்குலப் பைப்பில் ஏழு தகடுகளை நெருக்கி அடுக்கி, இரண்டு வாயுவும் கலந்தே வருகிற மாதிரி ஒன்று செய்தான். அதில் வருகிறதைச் சிரட்டையில் சவர்க்கார நுரையாகப் பிடித்து, நீளக் குச்சியில் தீ வைத்து நீட்டினான். சத்தத்தில் லயத்து வீட்டுச் சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது. 2021 கடைசியில் வீடுகளில் கேஸ் சிலிண்டர்கள் வெடித்த காலத்தை யாரும் மறக்கவில்லை. வந்தவர்கள் பயந்து திரும்பிப் போயிருந்தால் நல்லது. "இதுல அடுப்பு எரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அங்கேதான் பிடித்தது சனி. 2022இல் வெறும் சிலிண்டரோடு அம்மாவுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற பிள்ளை அவன். அம்மாவுக்குத் தண்ணீரில் எரிகிற அடுப்பு செய்து கொடுப்பேன் என்கிறான். எப்படியடா வேண்டாம் என்பது? கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 வோல்ட், 10 அம்பியர், ஒரு மணி நேரம். ஆறு இடைவெளியிலும் சேர்த்து வருகிற ஐதரசன் சுமார் 25 லீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. பாத்திரத்தைச் சுற்றி வீணாகிற சூட்டைக் கழித்தால் அதில் அரை லீட்டர் தண்ணீர்கூடக் கொதிக்காது, இத்தனைக்கும் நம் உயரத்தில் 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதே கரண்டை நேரே ஹீட்டர் கம்பிக்குக் கொடுத்தால் ஒரு லீட்டருக்கு மேல் கொதிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கிற சூட்டை எடுக்க இந்தப் பைப் 2,000 மணி நேரத்துக்கு மேல், இரவு பகலாகக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓட வேண்டும். அதோடு, கேஸ் இல்லாத அந்த 2022இல் ஒரு கட்டத்தில் கரண்டும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இல்லையே! தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் ஓட்டோ திருத்துகிற ஒருவர் வந்து, "தம்பி, இதை ஓட்டோவுல பூட்டினா பெற்றோல் மிச்சம், நான் ஆள் பிடிச்சுத் தாறேன்" என்கிறார். வண்டி பெட்டரியிலிருந்து கரண்டு, பெட்டரிக்குக் கரண்டு இன்ஜினிலிருந்து, இன்ஜினுக்குப் பெற்றோல். இதில் மிச்சம் எங்கே விழும்? 1996இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்ன உங்கள் பக்கத்து ராமர் பிள்ளையை நம்பி நீ எனக்கு எழுதின நாலு பக்கக் கடிதம் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்து அவரிடம் படித்துக் காட்டினேன். பையன்தான் விழுந்து விழுந்து சிரித்தான். மனிதர் அசையவில்லை, முற்பணம் தரட்டுமா என்று கேட்டார்.

சிரிப்பை விடு. எனக்கு உண்மையான பயம் வேறு. "தாத்தா, பகல்ல சேர்த்து பைப்புல அடைச்சு வச்சா ராத்திரிக்கு எரிக்கலாமே" என்று ஒருநாள் கேட்டான். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. கலந்த வாயுவுக்கு எரியக் காற்றுகூடத் தேவையில்லை, ஒரு பொறி போதும். அழுத்தம் ஏறினால் பைப் கத்தி கத்தியாகச் சிதறும். பேக்டரியில் காற்றழுத்தம் கொடுத்த பைப் ஒன்று வெடித்து ஒருவர் முகத்தில் பட்டதைப் பார்த்தவன் நான். இப்போதைக்கு, வருகிற வாயு ஒரு போத்தல் தண்ணீருக்குள் குமிழி விட்டுத்தான் வெளியே வர வேண்டும், தீ திரும்பினால் அதோடு நிற்கட்டும், சேர்த்து வைக்கிற பேச்சே கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பதினெட்டு வயசுச் சத்தியம். நம்முடைய பதினெட்டு உனக்குத் தெரியும்.

அதனால் நீ அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. வெல்டிங் பட்டறையில் இத்தனை வருஷம் கேஸோடு குடித்தனம் நடத்தியவன் நீ. நான் சொன்னால் கிழவன் பயப்படுகிறான், நீ சொன்னால் அனுபவம். ஆனால் நிறுத்தச் சொல்லாதே. மூன்று பைப் வேலையைத் தொடரச் சொல், அதை அவன் பாடசாலைக் கண்காட்சியில் வைக்க வேண்டும். ஒட்சிசன் பக்கத்துத் தகடு அரிக்கிறது, அதற்கு நிக்கல்தான் சரி என்கிறான். இங்கே தேடி அலுத்துவிட்டோம். கோயம்புத்தூர்ப் பக்கம் நிக்கல் தகடோ கம்பியோ ஒரு முழம் கிடைத்தால், ஆடிக்கு வருகிற உன் மச்சினனிடம் கொடுத்துவிடு. விலையை எழுது. எழுதாமல் விட்டால் வழக்கம்போல் தேயிலையாகத்தான் அனுப்புவேன், அதுவும் டஸ்ட்.

அன்புடன்,
ராஜு