கார்த்தி நிற்கட்டும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாயே, நேற்று உன் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உன் மகன் கார்த்தி அரசியலுக்குப் போகிறேன் என்கிறான். பட்டம் வாங்கிய பையன் அப்படிச் சொன்னால் எந்த வீட்டிலும் இப்படித்தான். தண்ணி அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கட்சி இளைஞரணியில் சேரப்போகிறேன் என்கிறானே, அங்கேதான் இடிக்கிறது. நம் பக்கத்து இளைஞரணிப் பொறுப்பாளர் பேரனுக்குக் காது குத்தி முடித்துவிட்டார். அவர் எழுந்தால்தானே இவன் உட்கார முடியும்?

2024-ல் 25, 26 வயதில் மக்களவைக்குப் போன நான்கு பேரைப் பத்திரிகைகள் கொண்டாடினவே. சாம்பவி சவுத்ரியின் அப்பா அப்போது பீகாரில் அமைச்சர். பிரியா சரோஜின் அப்பா முன்னாள் எம்.பி. புஷ்பேந்திர சரோஜின் அப்பா உத்தரப் பிரதேசத்தில் அமைச்சராக இருந்தவர். மிச்சம் சஞ்சனா ஜாதவ் ஒருவர்தான். ராஜஸ்தானில் அல்வர் மாவட்ட ஊராட்சி உறுப்பினராக இருந்தவர். 2023 சட்டமன்றத் தேர்தலில் 409 ஓட்டில் தோற்று, அடுத்த வருஷமே பரத்பூரில் ஜெயித்தார். அப்பா பெயர் கைகொடுக்காதவர்களுக்கு உள்ளாட்சிதான் வாசல்.

ஓட்டு வயதை 18 ஆக்கிய பிறகு 1989-ல் நாம் முதல் ஓட்டுப் போட்டோமே, அப்போதும் நிற்கும் வயதை யாரும் தொடவில்லை. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இன்றும் 25. உள்ளாட்சிக்கு மட்டும் 21. கார்த்திக்கு 22. கிராம ஊராட்சி வார்டுக்குக் கட்சிச் சின்னமும் கிடையாது. 2019-ல் டெபாசிட் 200 ரூபாய், மக்களவைக்கு 25,000.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவனைப் பார்த்தேன். ஊராட்சிச் செயலர் வழக்கம்போல முதலில் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். “தீர்மானத்தைப் படிங்கண்ணே, அப்புறம் போடுறேன்” என்றான் கார்த்தி. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும், நம் தொட்டியில் பழைய தேதியே பெயிண்ட் உதிர்ந்து கிடக்கிறது என்றும் கேட்டுவிட்டான். உடனே நாலைந்து பெண்கள் குழாயில் புழு வந்த கதையை எடுத்துவிட்டார்கள். செயலருக்கு வியர்த்துவிட்டது. மறுவாரமே ஆள் ஏறிக் கழுவினார்கள்.

சரி, நிற்கலாம் என்றால் தேர்தல் எங்கே? 2016-லிருந்து 2019 வரை தேர்தல் நடக்காமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பர் தேர்தலில் 27 மாவட்டங்களில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். சட்டமன்றத் தேர்தலை இப்படித் தள்ளிப்போட்டால் ஊர் சும்மா இருக்குமா? வார்டுத் தேர்தல் என்றால் மட்டும் யாரும் கேட்பதில்லை. இப்படியே போனால் பையன் காத்திருந்து அலுத்துப்போய் உன்னிடமே மஸ்கட்டுக்கு விசா கேட்பான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

போனில் பேசும்போது வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. கையில் ஒரு வேலை இருக்கட்டும், கட்சிக்கு அவசரப்படாதே என்று சொல். நான் சொன்னால் பெரியப்பா பேச்சு என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறான். அக்டோபர் 2 சபையில் நூறு நாள் வேலைக் கணக்கைக் கேட்கப்போகிறானாம், என்னையும் கூப்பிட்டிருக்கிறான். போகத்தான் போகிறேன். கணக்கு என்றால் சிலருக்கு மூக்குமேல் கோபம் வரும். பக்கத்தில் நரைத்த தலை ஒன்று இருப்பது நல்லது.

அன்புடன்,
ராஜேந்திரன்