லைஃப் ஜாக்கெட் விஷயமாக

தம்பிக்கு,

போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி உங்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அப்புறம் பாப்பாவுக்குப் பல் விழுந்த கதையிலேயே நேரம் போய்விடுகிறது, அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். கயாக் என்கிற அந்த ஒடுங்கின துடுப்புப் படகில் போய் மீன் பிடித்ததாக நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் நல்ல மீன். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை ஓடுகிறது, லார்ஜ்மவுத் பாஸ்தான், சந்தேகமே வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் குவாடலூப் பாஸ் என்று இன்னொன்று இருக்கிறது, டெக்சாஸைத் தவிர வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது, அதுதான் அந்த மாநிலத்து மீன். அதற்கு வாய் சிறிது, தாடை கண்ணைத் தாண்டாது. மீன் துறை வேலையில் இருந்த காலமெல்லாம் கட்லா, ரோகு குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தவன் இப்போது உன்னால் அமெரிக்க மீன்களைப் படிக்கிறேன்.

மீனைப் பார்த்து முடித்ததும் கண் போனது உன் சீட்டுக்குப் பின்னால்தான். லைஃப் ஜாக்கெட் அங்கே மடித்துக் கிடக்கிறது. எல்லா போட்டோவிலும் அப்படித்தான். டெக்சாஸ் சட்டப்படி படகில் ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும், பதின்மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்கள்தான் மாட்டியே இருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும், படித்துவிட்டேன். சட்டம் கரையில் உட்கார்ந்து எழுதியது. தண்ணீரில் விழுந்த பிறகு மிதக்கிற ஜாக்கெட்டை எட்டிப் பிடித்து, கையை நுழைத்து, பக்கிளைப் போட முடியுமா என்று வெயில் காலத்தில் ஒரு தடவை இடுப்பளவுத் தண்ணீரில் செய்து பார், அப்புறம் என்னிடம் பேசு. அங்கே படகு விபத்தில் மூழ்கி இறக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஜாக்கெட் மாட்டாதவர்கள்தான் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. துடுப்புப் போடத் தோதாக முதுகுப் பக்கம் பஞ்சு உயரத்தில் வைத்துத் தைத்த ஜாக்கெட் கயாக்காரர்களுக்கென்றே விற்கிறது, சீட்டில் சாய்ந்தால் உறுத்தாது. அதை வாங்கு. விசிலை அதிலேயே கட்டிவிடு.

ஆஸ்டினுக்குள்ளேயே இருக்கிற லேடி பேர்ட் ஏரியில் ஆரம்பித்தது நல்ல புத்தி. அங்கே பெட்ரோல் மோட்டார் படகு விட மாட்டார்கள், அலை வராது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பழைய கயாக்காகப் பார்த்து வாங்கியதும் சரிதான். காலால் மிதிக்கிற பெடல் வைத்தது ஆயிரக்கணக்கான டாலர் ஆகிறது, இப்போதைக்கு அது வேண்டாம். உட்காரும் இடம் மேலேயே இருக்கிற, தண்ணீர் ஓட்டை வழியாகத் தானாக வடிந்துவிடுகிற வகைதானே வாங்கியிருக்கிறாய், அதுவே போதும், கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் கட்டாது. அடிப்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார், அந்த ஓட்டைகளைச் சுற்றித்தான் முதலில் விடும்.

ஆனால் கடைசிப் போட்டோ லேடி பேர்ட் இல்லை. பின்னால் சுண்ணாம்புப் பாறைக் கரையும் அவ்வளவு அகலத் தண்ணீரும் இருக்கிறது, டிராவிஸ் ஏரி என்று நினைக்கிறேன். கேட்டதற்கு "வார நாளில் கூட்டம் இருக்காதுப்பா" என்று ஒரு வரி போட்டாய். சரி. கூட்டம் இல்லை என்றால் நீ விழுந்தால் பார்க்கவும் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். அது செவ்வாய்க்கிழமை. உனக்குக் காலை பத்து மணி, எங்களுக்கு ராத்திரி எட்டரை. அதே நேரத்தில்தான் நாங்கள் கூப்பிட்டோம், நீ மீட்டிங்கில் இருப்பதாக மருமகள் சொன்னாள். மீட்டிங் சீக்கிரம் முடிந்திருக்கும், அதை நான் கேட்கவில்லை. ஜாக்கெட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏப்ரல் வெயிலை நம்பாதே. காற்று சீக்கிரம் சூடாகிவிடும், ஆழமான ஏரித் தண்ணீர் சூடாக நாளாகும். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவனுக்கு ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் ஒரு நிமிஷம் மூச்சு தன்னால் இழுத்து இழுத்து வாங்கும், அப்போது தலை உள்ளே போனால் தண்ணீரைத்தான் இழுப்பாய். அடுத்த பத்து நிமிஷம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் ஜாக்கெட் இல்லாதவனுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடையாது. நன்றாக நீந்துவேன் என்று சொல்லாதே. உனக்கு வாய்க்காலில் நீச்சல் பழக்கியவன் நான்தான், நீ எவ்வளவு நீந்துவாய் என்று எனக்குத் தெரியும்.

பவானிசாகரில் பரிசல்காரர்கள் தூண்டில் கம்பு வைத்துக்கொள்வதில்லை, வலைதான், பரிசலும் வட்டமாக இருப்பதால் சுற்றுமே தவிர லேசில் கவிழாது. கயாக் நீளவாக்கில் ஒடுங்கியது, பக்கவாட்டில் எட்டினால்தான் ஆபத்து. இடுப்பு எவ்வளவு ஆடினாலும் பரவாயில்லை, தலை படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது. மீன் பக்கத்தில் வந்ததும் எல்லோரும் குனிந்து எட்டுகிறார்கள், அங்கேதான் விழுகிறார்கள். கைவலை வைத்துக்கொள், ரப்பர் வலை, நூல் வலையில் மூன்று முள் கொக்கி மாட்டிக்கொண்டால் ஆடுகிற படகில் எடுக்க முடியாது. நங்கூரம் போட்டால் முன் நுனியில் அல்லது பின் நுனியில் கட்டு, நடுவில் பக்கவாட்டில் கட்டினால் காற்று தள்ளும்போது படகு சாய்ந்துவிடும். கயிறு அறுக்க ஒரு கத்தி ஜாக்கெட்டில் இருக்கட்டும். காலையில் காற்றுக்கு எதிராகப் போ, திரும்பும்போது களைத்திருப்பாய், காற்றே கொண்டுவந்து விடும். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, குறுக்கே கையைப் போட்டு, காலை உதைத்து வயிற்றை மேலே ஏற்றி, புரண்டு உட்கார்வதை நீந்த அனுமதி உள்ள ஆழமில்லாத இடத்தில் ஜாக்கெட்டோடு பழகு. பழகாமல் டிராவிஸ் போகாதே. பாப்பாவைக் கூட்டிப் போகிற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடு.

இன்னொன்று. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வட்டமாக வெளிறின மணல் தெரிந்தால் அது கூடு. ஆண் மீன் வாலால் பெருக்கிச் செய்தது. பெண் முட்டை விட்டுப் போய்விடும், ஆண் தான் காவல், குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்ச நாள் கூடவே இருக்கும். அந்தச் சமயத்தில் அது பசிக்குக் கடிப்பதில்லை, கிட்டே எது வந்தாலும் விரட்டுவதற்காகக் கடிக்கும். நம் ஊர் விராலும் இப்படித்தான், சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே நின்றுகொண்டு தவளையைப் போட்டால் பாயும். நீ அதைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுக்கிற நேரத்தில் புளூகில் என்கிற சின்ன மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். அதனால் அங்கேயே உடனே விட்டுவிடு, இல்லாவிட்டால் அந்த மாதம் கூட்டுப் பக்கமே தூண்டில் போடாதே. பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே இன்னொரு கையைக் கொடு. சாப்பிடாத மீனை எதற்கு முள்ளில் குத்துகிறான் என்று உங்கம்மா பண்ணாரி கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். எனக்கும் முழுசாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. லைசென்ஸ் எடுத்திருப்பாய், சாதாரண வருஷ லைசென்ஸ் என்றால் ஆகஸ்ட் 31ஓடு முடிந்துவிடும், பார்த்துக்கொள். அளவு விதி ஏரிக்கு ஏரி மாறுகிறது.

ரப்பர் புழுவைப் பாசிக்குள் மெதுவாக இழுப்பதாகச் சொன்னாய், முள்ளின் நுனியை ரப்பருக்குள்ளேயே புதைத்து மாட்டுவது அதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. டெக்சாஸ் ரிக் என்றே அதற்குப் பெயராம். உன் ஊரிலேயே கற்றிருக்கிறாய், நல்லது.

இதுவரைக்கும் பிடித்த லார்ஜ்மவுத் பாஸில் பெரியது யாருடையது என்று தேடினேன். ஜார்ஜ் பெர்ரி என்ற பையன், ஜார்ஜியாவில் விவசாயம், 1932 ஜூன் 2. 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்கு மேல். 2009இல் ஜப்பானில் பிவா ஏரியில் மனபு குரிடா பிடித்தது ஒரு அவுன்ஸ்கூட முழுசாகக் கூடுதல் இல்லை, இரண்டு அவுன்ஸாவது கூட இருந்தால்தான் புது சாதனை என்பதால் சமன் என்று அறிவித்துவிட்டார்கள். பெர்ரி அன்றைக்கு எதற்கு மீன் பிடிக்கப் போனான் தெரியுமா. மழையில் நிலம் சேறாகிவிட்டது, ஏர் இறக்க முடியவில்லை, வேலை இல்லை, அதனால் போனான். அங்கே பெரிய பொருளாதார மந்த காலம் அது. பிடித்த மீனை வீட்டில் சமைத்துத் தின்றுவிட்டார்கள். வேலை இல்லாத நாளில் ஒருவன் ஏரிக்குப் போவதை நான் ஒரு நாளும் தப்பாக நினைத்ததில்லை, எங்கள் துறையிலும் அப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

மளிகைக் கடைக்காரர் மகன் டல்லாஸிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டான். அங்கே வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி பார்க்க வேண்டுமாமே, கிடைக்கவில்லையாம். அவன் அப்பாவுக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் தெரியும். கோயம்புத்தூரில் சேர்ந்துவிட்டான், நன்றாகத்தான் இருக்கிறான், பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் போட்டாகிவிட்டது. அந்தக் கடைக்காரர்தான், இரண்டு மாதம் எதுவும் தெரியாமல் தூங்கியிருக்கிறேனே என்று சொல்லிக்கொண்டே பொட்டலம் கட்டுகிறார். ஊர்ச் செய்தி என்று எழுதினேன்.

நம் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது, வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன், வாடகைக்கு விடுவதா என்று உங்கம்மா கேட்கிறாள், நான் பதில் சொல்லவில்லை.

இனிமேல் கயாக்கை இறக்குவதற்கு முன்னால் எந்த ஏரி, எந்தக் கரை, எத்தனை மணிக்குக் கரையேறுவாய் என்று எனக்கு மெசேஜ் போடு. கரையேறியதும் இன்னொன்று. எனக்கு மட்டும் போடு, அம்மாவுக்கு வேண்டாம். அது எந்தக் கிழமையாக இருந்தாலும் எதற்குப் போனாய் என்று கேட்க மாட்டேன், ஜாக்கெட் மேலே இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பேன்.

கோபி பேங்கில் இருக்கிற டெபாசிட் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமா, எடுத்து வைக்க வேண்டுமா என்று ஒரு வார்த்தை எழுது, காரணம் எழுத வேண்டாம். இருபதாம் தேதிக்குள் பேங்கில் சொல்லியாக வேண்டும்.

அப்பா