மகனுக்கு: அந்த 300 பெட்டிக் கணக்கைப் பற்றி

பாலையூற்று,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். பத்திரகாளி அம்பாள் கிருபையால் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கேட்டால் "ஒண்டுமில்லை அப்பா, களைப்புத்தான்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி போட்டோ எடுத்து வட்சப்பில் அனுப்புவாள், ஆறுதலாக வாசி.

கனடாவில், பிரம்டனில் நீ வேலை செய்கிற பார்சல் களஞ்சியத்தில் மணித்தியாலத்துக்கு 300 பெட்டி ட்ரெய்லருக்குள் ஏற்ற வேண்டுமாம், நீ 220இல் நிற்கிறாயாம், சுப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால் ஏசினாராம். அம்மா சொன்னா. அன்றிரவு நித்திரை வரவில்லை, கணக்குப் பார்த்தேன். 300 என்றால் ஒரு பெட்டிக்கு 12 செக்கன். அதற்குள் பெல்ட்டிலிருந்து எடுத்து, லேபிளைப் பார்த்து, ட்ரெய்லருக்குள் இடம் பார்த்து வைக்க வேண்டும். சராசரி 7 கிலோ என்று வைத்தாலும் 4 மணித்தியாலத்தில் 8,400 கிலோ வருகிறது. எங்கள் 50 கிலோ மூட்டையில் 168 மூட்டை. அவ்வளவையும் ஒரு ஆள்! 220 ஏற்றுகிறவனைச் சோம்பேறி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரக்கூடாது. நீயும் உன்னை அப்படி நினைக்காதே.

உட்துறைமுக வீதிப் பக்கத்து ஸ்டோர்களில் நான் மூட்டை தூக்குகிற நாட்டாமையாக நின்றவன். சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கொளுவிக்கொண்டு மா மூட்டையும் உர மூட்டையும் லொறிக்கு ஏற்றினோம். எங்களுக்கு மூட்டைக்குத்தான் காசு. கூட ஏற்றினால் கூடக் கிடைக்கும். உனக்கு அப்படியில்லை. சம்பளம் மணித்தியாலத்துக்கு, எண்ணிக்கை மட்டும் பெட்டிக்கு. 300 ஏற்றினாலும் 400 ஏற்றினாலும் உன் கையில் வருவது ஒன்றுதான். மிச்சம் யாருக்குப் போகிறது என்று யோசி.

இன்னொன்றையும் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர். புதிதாக வந்த இரண்டு இளந்தாரிகள் போட்டிக்கு ஓடி ஓடி ஏற்றினார்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் குழு ஆறு பேராகிவிட்டது, சுமை அதேதான். ஓடினவர்களும் அந்த ஆறுக்குள் நின்று மூச்சு வாங்கினார்கள். ஆகையால் உன்னை நிரூபிக்க ஒரு கிழமை 350 போட்டுக் காட்டாதே. அடுத்த கிழமை அதுவே உன் கணக்காகிவிடும்.

வேகம் காலில் இல்லை மகன், அடுக்கில் இருக்கிறது. பாரமான பெட்டி அடியில், ஒரே அளவானவை பக்கம் பக்கமாக, செங்கல் கட்டுகிற மாதிரி மூட்டுக்கு மேல் மூட்டு வராமல். சுவர் நேராக ஏறினால் அடுத்த பெட்டிக்கு இடம் தேட வேண்டாம், சரிந்ததைத் திரும்ப அடுக்கவும் வேண்டாம். இடுப்பைத் திருப்பாதே, பாதத்தைத் திருப்பு. பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடி. இதையெல்லாம் பழக மாதக்கணக்காகும். முதல் மாதத்திலேயே பழைய கையின் எண்ணிக்கையைப் புதியவனிடம் கேட்பது நியாயமே இல்லை.

பெட்டியை மட்டும் எண்ணுகிற கணக்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சப்பாத்துப் பெட்டியும் ஒன்று, இரும்புச் சாமான் பெட்டியும் ஒன்று என்றால் அது என்ன கணக்கு? அங்கத்தைய பெரிய பார்சல் கொம்பனிகள் 68 கிலோ வரை பெட்டி எடுக்கின்றன. சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது தூக்கினால்கூட 23 கிலோதான் எல்லை என்று அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கிறது. வேகம் கூடக் கூட அந்த எல்லை இறங்கும். பாரப் பெட்டி வந்தால் இரண்டாவது ஆளைக் கூப்பிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்காபரோ மாமாவின் மகளிடம் கேட்டு விசாரித்தேன். உன் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது. தொடர்ந்து 5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் இடையில் அரை மணித்தியால ஓய்வு தர வேண்டும். கலிபோர்னியாவில் 2022இலிருந்து களஞ்சிய வேலைக்காரருக்கு எண்ணிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும், ஓய்வையும் கழிவறைக்குப் போவதையும் தடுக்கிற எண்ணிக்கை செல்லாது. அது பிரம்டனுக்குப் பொருந்தாது, ஆனாலும் நீ மரியாதையாகக் கேட்கலாம்: இந்த 300 எப்படி எண்ணுகிறீர்கள்? பெல்ட் நின்ற நேரம் கழிகிறதா? மேலே பெட்டிகளை வகை பிரித்து பெல்ட்டில் விடுகிறவர்கள் சுணங்கினால் அது யார் கணக்கு? சத்தம் போடாமல், வேலை தொடங்க முதல், தனியாகக் கேள்.

விரல் விறைக்குது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதை மறைக்காதே. எங்களோடு நின்ற ஒருவர் நாற்பத்தைந்து வயதில் முதுகு பிடித்துப் படுத்தார், அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை, ஏனென்றால் எங்கும் எழுத்தில் இல்லை. நோவு வந்த அன்றே சுப்பர்வைசரிடம் சொல்லி எழுத வை, திகதியை நீயும் குறித்துக்கொள், டாக்டரிடம் போ. வேலையால் வந்த நோவென்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இந்த மாதம் காசு அனுப்பப் பிந்தினாலும் பரவாயில்லை, தங்கச்சியின் கட்டணம் கட்டியாயிற்று. எனக்கு இரண்டு மறுமொழி வேண்டும்: டாக்டர் என்ன சொன்னார், பாரப் பெட்டிக்கு இரண்டாவது ஆளைக் கூப்பிட விடுகிறார்களா? இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால், அங்கே வேறு வேலை தேடுவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கதைப்போம்.

அன்புடன்,
அப்பா