கறுப்பு டி-சர்ட் போட்டால் வேர் அறுந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்குடி மக்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் அதிகம் பேர் தொடாத விஷயம். எடுத்துக்கொண்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஓரிடம் உறுத்துகிறது. நீண்ட தலைமுடியும் கறுப்பு டி-சர்ட்டுமாக ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையைக் கேட்டுத் திரியும் பழங்குடி இளைஞனை ‘வேரை மறந்தவன்’ என்கிறார் கட்டுரையாளர். கல்லூரி நாள் தொட்டு மெட்டல் கேட்டு வருகிற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

நியூசிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் வழிவந்த ஹென்றி, லூயிஸ் டி ஜாங் என்ற சகோதரர்கள் 2010-ல் ஏலியன் வெப்பன்ரி என்ற மெட்டல் இசைக்குழுவைத் தொடங்கியபோது அண்ணனுக்கு வயது 10, தம்பிக்கு 8. வைப்பூ என்ற சிற்றூர்ப் பிள்ளைகள். மாவோரி மொழிவழிப் பள்ளியில் படித்தவர்கள். த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக மெட்டல் வகையைச் சேர்ந்த அவர்களுடைய பாட்டுகள் பல மாவோரி மொழியிலேயே இருக்கின்றன. 1863-ல் பிரிட்டிஷ் குடியேற்ற அரசு சட்டம் போட்டு மாவோரிகளின் நிலங்களைப் பறித்துக்கொண்டதைப் பற்றி ஒரு பாட்டு. மறு ஆண்டு கேட் பா என்ற இடத்தில் தங்களைவிடப் பல மடங்கு பெரிய பிரிட்டிஷ் படையை மாவோரிகள் முறியடித்ததைப் பற்றி இன்னொன்று. அந்தப் போரில் இவர்களுடைய முன்னோர் ஒருவரும் நின்றிருக்கிறார். கட்டுரையாளர் அந்தப் போர்ப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும். ஹாக்கா என்ற மாவோரி ஆட்டத்தின் முழக்கத்தோடு தொடங்குகிறது. அடிவயிற்றிலிருந்து எழும் அந்தக் கூட்டுக் குரலின் மேல் கிடாரும் டிரம்ஸும் ஏறும்போது ஒட்டுப்போட்ட இடமே தெரியாது.

பள்ளியில் மாவோரி பேசிய குழந்தைகளுக்கு அடி விழுந்த நாடு அது. மொழியைக் கற்றுக்கொடுங்கள் என்று 1972-ல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். ஆட்சிமொழி ஆனது 1987-ல்தான். அந்த மொழியை 2018-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழா மேடைக்குக் கொண்டுபோனவர்கள் இந்தப் பையன்கள். இவர்களா வேரை மறந்தவர்கள்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். டெஸ்டமென்ட் என்ற மெட்டல் குழுவின் பாடகர் சக் பில்லி, கலிஃபோர்னியாவின் போமோ பழங்குடி வழிவந்தவர். தன் பூர்வகுடி ரத்தத்தைப் பற்றியே 2012-ல் ஒரு பாட்டுப் பாடினார். நவாஹோ என்ற இன்னொரு பழங்குடி மக்களின் நிலப்பகுதியில் மெட்டல் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை.

நகைச்சுவைக்கு வருகிறேன். சிரிப்பு யாருடையது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘பழங்குடிக்காரனுக்கு எதற்கு எலக்ட்ரிக் கிடார்’ என்று வெளியாள் சிரித்தால் அது அவமதிப்பு. தன் ஊர்ப் பையனின் கிறுக்குத்தனத்தை அறிந்தவர் சிரிக்கவைத்தால் அதில் பாசம் இருக்கும். மாவோரி இயக்குநர் டைக்கா வைடீட்டியின் ‘பாய்’ (2010) இதற்கு நல்ல சாட்சி. மெட்டல் படம் அல்ல. 1984-ல் ஒரு கடலோரக் கிராமத்தில் மைக்கேல் ஜாக்சன் பித்துப் பிடித்த சிறுவனின் கதை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது நடிகர்கள் ஹாக்காவையும் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ நடனத்தையும் கலந்து ஆடுகிறார்கள், அதுவும் ஒரு மாவோரிப் பாட்டுக்கு! அந்த ஆட்டத்தில் எது வேர், எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட முடியுமா? நியூசிலாந்து மக்கள் அந்தப் படத்தைத் திரையரங்குகளில் கொண்டாடினார்கள்.

நம் சினிமாவோ பழங்குடி என்றாலே இலை தழை கட்டிவிட்டு, புரியாத கூச்சலோடு நாயகனைச் சுற்றி ஆடவிடுகிறது. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு டி-சர்ட் போட்டவன் பழங்குடியாகத் தெரியாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் விமர்சகரும் அதே கண்ணோடு பார்க்கலாமா?

இந்தப் பாட்டுகளைப் பற்றியும், பழங்குடிக் கலைஞர்கள் தாங்களே எடுத்த நகைச்சுவைப் படங்களைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாடல் வரிகளின் தமிழாக்கமும் அதில் இருந்தால் இளைய வாசகர்கள் தேடிக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சி